புதுப் போனில் பிள்ளையின் கால்பந்து ஆட்டத்தைத் தெளிவாக எடுப்பது எப்படி

முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய போன். டப்பாவில் 108 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறது. குறுவட்டப் போட்டியில் மகள் கோல் அடித்த நொடியை எடுத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கலங்கியிருக்கிறது, உதைத்த கால் வெறும் தீற்றலாக இருக்கிறது, பந்தையே காணோம். பிறந்தநாள் படங்களை அருமையாக எடுத்துத் தந்த அதே போன்தான். இந்த ஏமாற்றத்தில் ஒரு பங்குதான் போனின் குறை. மீதியெல்லாம் நாம் நிற்கும் இடத்தாலும், ஆட்டோ மோடு தானாக எடுக்கும் முடிவுகளாலும் வருவது. அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை.

படம் ஏன் கெடுகிறது

முதல் காரணம் தூரம். போனின் மெயின் கேமரா அகலமாகப் பார்க்கும் வகை. 10 மீட்டர் தள்ளி இருப்பதை எடுத்தால் ஏறக்குறைய 15 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். 40 மீட்டர் என்றால் 60 மீட்டர் அகலம். பக்கக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று, மைதானத்தின் நடுவில் ஓடும் பிள்ளையை எடுக்கும்போது இடையில் இருப்பது இந்த 40 மீட்டர்தான். போன் தரும் வழக்கமான 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000 புள்ளி (பிக்சல்) அகலம். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அதில் கிடைப்பது 100 புள்ளி, முகத்துக்குப் பத்துப் பதினைந்து. அதில் யார் முகமும் தெரியாது.

108 மெகாபிக்சல் என்னவாயிற்று என்று கேட்கலாம். அந்த சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் மிகச் சிறியது என்பதால் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் சேமிக்கிறது. 50 மெகாபிக்சல் போன்கள் நான்கை ஒன்றாக்குகின்றன. முழு 108-ஐயும் செட்டிங்கில் போட்டு எடுக்கலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு படத்தையும் சேமிக்க நேரம் பிடிக்கும், ஓடும் ஆட்டத்துக்கு அது உதவாது. விலை குறைந்த போன்களில் பின்னால் மூன்று கண்கள் இருந்தாலும் இரண்டு பெரும்பாலும் 2 மெகாபிக்சல் மேக்ரோவும் டெப்த் கேமராவும்தான். தூரத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது காரணம் ஷட்டர் வேகம். பள்ளிப் பிள்ளைகள் நன்றாக உதைத்த பந்து விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால் அதற்குள் பந்து 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 5-ஆம் நம்பர் பந்தின் விட்டமே 22 சென்டிமீட்டர்தான். ஆகவே பந்து உருண்டையாக வராமல் நீண்ட கோழிமுட்டையாக வரும். 1/1000 வைத்தால் நகர்வு 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். நல்ல வெயிலில் ஆட்டோ மோடு தானாகவே 1/1000-க்கு மேல் போய்விடும். மேகம் மூடியதும், மாலை ஐந்தரை தாண்டியதும் படம் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று அது 1/100, 1/60 என்று இறங்கும். நிற்கிற மனிதருக்கு அது சரி, ஓடுகிற பிள்ளைக்குச் சரியில்லை.

மூன்றாவது, ஒரே படத்துக்குப் போன் பல படங்களை எடுத்துக் கலக்கும் வேலை. ஹெச்டிஆர், நைட் மோடு இரண்டும் அப்படித்தான். இரண்டு படங்களுக்கு நடுவில் கால் நகர்ந்துவிட்டால் ஒரே பிள்ளைக்கு மூன்று கால் தெரியும்.

போன் வந்த முதல் வாரத்தில்

ஆன்லைனில் வாங்கியிருந்தால் மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாள் போலத்தான் இருக்கும், பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிட வேண்டும். போட்டி நாளில் குறையைக் கண்டுபிடித்தால் கெடு போயிருக்கும்.

கேமரா கண்ணாடி மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கம்பெனி ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பலர் போனில் உரிக்கப்படாமலே இருக்கும். கடையில் கூடுதலாக ஒட்டிவிடும் கேமரா கிளாஸ் இன்னும் மோசம். வெயில் பக்கவாட்டில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். எடுத்துவிடுங்கள்.

செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில், பக்கம் படத்தை நிறைக்கும் தூரத்தில் நேராக நின்று எடுங்கள். நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக வந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, மாற்றக் கேளுங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓயாமல் அலைவது, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி, கேமரா ஆப் தானாக மூடிக்கொள்வது ஆகியவையும் மாற்றக் கேட்க வேண்டிய குறைகள். போனைக் குலுக்கினால் கேமரா பக்கம் மெல்ல 'டக்' என்று கேட்பது பெரும்பாலும் குறை இல்லை; கை ஆட்டத்தைச் சமன்செய்ய லென்ஸ் மிதக்கும்படி செய்திருக்கும் போன்களில் அப்படித்தான் கேட்கும்.

குறை இருந்தும் கடைக்காரர் மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், படங்கள், கடையோடு நடந்த உரையாடல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். 'நினைத்த மாதிரி படம் வரவில்லை' என்பதை யாரும் குறையாக ஏற்க மாட்டார்கள் என்பதையும் மனதில் கொள்ளுங்கள். அதனால்தான் மூலைச் சோதனை போலக் கண்ணுக்குத் தெரியும் சான்று வேண்டும்.

ஷட்டரைப் பழக வீட்டு சீலிங் ஃபேன் போதும். 48 அங்குல ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று அளவில் ஓடும். இறக்கை நுனியின் வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல், பந்தின் வேகத்துக்குச் சமம். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து, ப்ரோ மோடில் (ஷட்டர் முதலியவற்றை நாமே அமைக்கும் மோடு) 1/60, 1/250, 1/500, 1/1000 என்று நான்கு படம் எடுங்கள். 1/1000-இல் படம் இருட்டாக இருக்கும், பரவாயில்லை. இறக்கையின் ஓரம் எந்த வேகத்தில் கூர்மையாக நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஜூமையும் சோதித்துவிடுங்கள். 30 மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டோவின் நம்பர் பிளேட்டை 1, 2, 3, 5, 10 மடங்கில் எடுத்துப் பாருங்கள். எந்த மடங்குக்கு மேல் எழுத்து பெரிதாகிறதே தவிரத் தெளிவாகவில்லையோ, அதற்கு மேல் வெறும் வெட்டிப் பெரிதாக்கல். மைதானத்தில் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். தனி ஜூம் லென்ஸ் இருந்தாலும், வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் மெயின் கேமராவுக்குத் தாவி, அதையே வெட்டிக் காட்டும். ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை கறுக்காவிட்டால் அந்த லென்ஸ் வேலையில் இல்லை என்று அர்த்தம்.

எங்கே நிற்பது

எந்த செட்டிங்கையும்விட இதுதான் பெரிது. பாதி தூரத்துக்கு நெருங்கினால் பிள்ளைக்குக் கிடைக்கும் புள்ளிகள் உயரத்தில் இரு மடங்காகும். வெறுமனே வெட்டிப் பெரிதாக்கும் ஜூம் அந்தத் தெளிவைத் தராது.

பிள்ளை ஃபார்வர்ட் ஆட்டக்காரர் என்றால் எதிரணியின் கோல் பக்கம் போங்கள். கோல்கோட்டுக்கு ஐந்து மீட்டர் பின்னால், கார்னர் கொடிக்கும் பெனால்டி பாக்ஸுக்கும் இடையில் நின்றால் பிள்ளை உங்களை நோக்கி ஓடி வரும், முகம் தெரியும். சொந்த கோல் பக்கம் நின்றால் கிடைப்பது ஜெர்சி நம்பர் மட்டும். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறும் என்பதால் நீங்களும் மாற வேண்டும். கோல் வலைக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம். அங்கே பந்து பட்டால் போன் மட்டும் உடையாது. கோல்கீப்பருக்கும் கவனம் சிதறும்.

டிஃபெண்டர் என்றால் கணக்கு நேர் எதிர். அவர் சொந்த கோலுக்கு முதுகு காட்டி நிற்பவர். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பக்கக்கோட்டுக்கு வெளியே நின்று, சொந்த கோலை நோக்கிப் போனைத் திருப்புங்கள். பந்தைப் பறிக்கும் கணமும் முகமும் சேர்ந்து கிடைக்கும். கோல்கீப்பரின் பெற்றோருக்குச் சரியான இடம், பெனால்டி பாக்ஸின் மேல்கோட்டுக்கு நேராகப் பக்கக்கோட்டின் வெளியே. கோல்கோட்டிலிருந்து அது 16.5 மீட்டர். பாய்ந்து பிடிக்கும்போது உடல் முழுதும் பக்கவாட்டில் தெரியும் கோணம் அது.

வெயில் உங்கள் முதுகில் பட வேண்டும். மாலை ஆட்டத்துக்கு மேற்குப் பக்கம், காலை ஆட்டத்துக்குக் கிழக்குப் பக்கம். முடிந்தால் முழங்கால் மடித்து உட்கார்ந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் பின்னணியில் செம்மண்தான் நிறைந்திருக்கும். தாழ்ந்து எடுத்தால் பிள்ளை வானத்துக்கு எதிரே உயர்ந்து தெரியும். வியாசர்பாடி, தூத்தூர் போலக் கால்பந்துக்கு ஊரே கூடும் இடங்களில் கோட்டோரம் இடம் கிடைக்க அரைமணி முன்னதாகப் போக வேண்டியிருக்கும். எங்கே நின்றாலும் கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், லைன்ஸ்மேன் ஓடும் வழி அது. பி.இ.டி. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்பதும் நல்லது.

செட்டிங்

ஹெச்டிஆரை அணையுங்கள். நைட் மோடு, பியூட்டி, மோஷன் போட்டோ எல்லாவற்றையும் அணையுங்கள். சில போன்களில் ஹெச்டிஆரை முழுதாக அணைக்க விடாது. ப்ரோ மோடுக்குப் போனால் பெரும்பாலும் அது ஒதுங்கிவிடும்.

ப்ரோ மோடில் வெயில் நேரத்துக்கு ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்) 50 முதல் 100. படம் வெளுத்தால் ஷட்டரை 1/2000-க்கோ அதற்கு மேலோ ஏற்றுங்கள். மேகமூட்டத்தில் ஷட்டரை அப்படியே விட்டு ஐஎஸ்ஓவை 200, 400 என்று கூட்டுங்கள். ஐந்தரைக்கு மேல் 1/500-க்கு இறங்கலாம், ஐஎஸ்ஓ 800 வரை போகலாம். அதற்கும் இருட்டாக இருந்தால் 1/250 வைத்து, பந்து உதைபடும் கணத்தை விட்டுவிட்டு, த்ரோ எறியப் போகும் நேரம், ஃப்ரீ கிக்குக்கு முன் மூச்சு வாங்கும் நேரம், கோலுக்குப் பின் கட்டிப்பிடிக்கும் நேரம் என்று அசைவு குறைந்த கணங்களை எடுங்கள். ஐஎஸ்ஓ கூடும்போது படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழுவதற்குப் பயப்பட வேண்டாம். புள்ளி விழுந்தாலும் முகம் தெரியும். தீற்றலான படத்தை எந்த எடிட்டிங்காலும் மீட்க முடியாது.

ஐபோனின் சொந்த கேமராவில் ஷட்டரை நாமே வைக்க வழியில்லை. திரையில் பிள்ளை மேல் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துப் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். ஷட்டர் வேகம் கூடவோ ஐஎஸ்ஓ குறையவோ அது உதவும். ப்ரோ மோடு இல்லாத ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இதே வழிதான்.

ஃபோகஸ் அலைந்துகொண்டே இருந்தால், பிள்ளை வரப்போகும் தூரத்தில் உள்ள ஒன்றின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பூட்டிக்கொள்ளும். கார்னர் கிக்குக்கு கோல் கம்பத்தின் மேல் பூட்டுவது எளிது. பிறகு பர்ஸ்ட், அதாவது விடாமல் அடுத்தடுத்துப் பல படம் எடுப்பது. சாம்சங்கில் ஷட்டர் பொத்தானைத் திரையின் ஓரத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், ஐபோனை நேராகப் பிடித்திருந்தால் இடப்பக்கம் இழுக்க வேண்டும். போட்டிக்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். கால் பந்தில் படுவதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதம். பெனால்டியில் பந்து 11 மீட்டரைக் கடக்க விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் 0.6 விநாடிதான் ஆகும். நம் விரலும் போனும் சேர்ந்து அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். உதைக்க ஓடிவரத் தொடங்கும்போதே அழுத்தி, பந்து வலையில் படும் வரை விடாதீர்கள்.

வீடியோ

முழு ஆட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்து எடுக்க, நடுக்கோட்டுக்கு நேராக, பக்கக்கோட்டுக்குப் பத்து மீட்டர் பின்னால், முடிந்தால் இரண்டு மூன்று படி உயரத்தில் நில்லுங்கள். 0.5 மடங்கு கேமராவில் மைதானத்தின் பெரும்பகுதி அடங்கும், ஆனால் பிள்ளைகள் எறும்பு அளவுக்குப் போய்விடுவார்கள். 1 மடங்கில் வைத்து ஆட்டத்தோடு மெதுவாகத் திருப்புவதே மேல். பந்தைத் துரத்தாமல், பந்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுத் திருப்புங்கள்.

இடத்தைக் கணக்கிட ஐபோன் காட்டும் அளவுகள் உதவும். புதிய கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஒரு நிமிட வீடியோவுக்கு, 1080பி-யில் விநாடிக்கு 60 பிரேம் (படம்) என்றால் 90 எம்பி, 4கே 30 பிரேம் 170 எம்பி, 4கே 60 பிரேம் 400 எம்பி. 40 நிமிட ஆட்டத்துக்கு முறையே 3.6 ஜிபி, 6.8 ஜிபி, 16 ஜிபி. ஆண்ட்ராய்டில் அளவு போனுக்குப் போன் மாறும். ஒரு நிமிடம் எடுத்து ஃபைல் அளவைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். முழு ஆட்டத்துக்கு 1080பி 60 போதும். வீடியோவிலிருந்து படம் பிரித்தெடுக்க நினைத்தால் மட்டும் 4கே வையுங்கள். அதன் ஒவ்வொரு பிரேமும் 8 மெகாபிக்சல், 6க்கு 9 அங்குலப் பிரிண்டுக்குத் தாராளம். 1080பி பிரேம் 2 மெகாபிக்சல்தான், ஆல்பத்துக்குத் தாங்காது.

ஸ்லோமோஷனை வெயில் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 240 பிரேமில் எடுத்த ஒரு விநாடி, 30 பிரேமில் ஓடும்போது எட்டு விநாடியாகும். ஃப்ளட்லைட் போட்ட டர்ஃபில் அதே ஸ்லோமோஷன் மின்னி மின்னித் தெரியும், ஏனென்றால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. அங்கே சாதாரண வீடியோவைக்கூட 25 அல்லது 50 பிரேமில், ஷட்டர் 1/100-இல் எடுத்தால் துடிப்பு அடங்கும். ஐபோன் செட்டிங்கில் பால் (PAL) ஃபார்மட் என்பதை ஆன் செய்தால்தான் 25 பிரேம் கண்ணில் படும்.

சூடும் தூசியும்

போன்களை 35 டிகிரி வரையிலான சூட்டுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். ஏப்ரல், மே கோடைப் பயிற்சி முகாம்களில் மைதானத்தின் சூடு அதைச் சாதாரணமாகத் தாண்டும். இருபது நிமிட வீடியோவிலேயே திரை மங்கி, கேமரா நின்றுவிடலாம். கவரைக் கழற்றுங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பவர் பேங்க் சொருகிக்கொண்டே எடுக்காதீர்கள், எடுக்காத நேரத்தில் நிழலில் வையுங்கள். சூடானதும் ஐஸ் பெட்டியிலோ ஃபிரிட்ஜிலோ வைப்பது ஆபத்து. உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்ளும்.

செம்மண் தூசி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதி மண்துகளை விரட்டுங்கள், பிறகு லேசாக ஆவி ஊதி மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். கடலோர மைதானங்களில் உப்புக்காற்றால் லென்ஸில் படலம் சேரும், இடைவேளையில் ஒரு தடவையாவது துடைக்க வேண்டும்.

எதை எடுப்பது, யாருக்கு அனுப்புவது

கோலை மட்டும் எடுத்தால் டிஃபெண்டராக ஆடும் பிள்ளைக்கு ஒரு படமும் மிஞ்சாது. பந்து இல்லாமல் சரியான இடத்துக்கு ஓடி நின்றது, விழுந்த எதிரணிப் பிள்ளையைக் கைகொடுத்துத் தூக்கியது, மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்து கத்தியது: பிள்ளை ஆடிய ஆட்டம் இவற்றிலும் இருக்கிறது, பெற்றோர் தேடி எடுக்க வேண்டியதும் இவற்றைத்தான். எடுக்கும்போது வாயை மூடிக்கொள்வது முக்கியம். 'ஷூட் பண்ணுடா' என்று நீங்கள் கத்துவதுதான் வீடியோவில் எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பதியும். பயிற்சியாளர் சொன்னது ஒன்றாகவும் நீங்கள் கத்துவது வேறாகவும் இருந்தால் பிள்ளை நடுவில் தவிக்கும். அடுத்தவர் பிள்ளைகளின் படத்தைப் பொதுவில் போடுமுன் அவர்கள் வீட்டில் கேளுங்கள். தோற்று அழும் பிள்ளையின் படத்தை, எந்த அணியாக இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படமும் வீடியோவும் சுருங்கி, பட்ட பாடெல்லாம் போய்விடும். 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும். கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான், 4கே வீடியோ அதை இரண்டே ஆட்டத்தில் ஏறக்குறைய நிரப்பிவிடும். மெமரி கார்டு துளை இல்லாத போனுக்கு டைப்-சி பென் டிரைவ் வாங்கி, ஆட்டம் முடிந்த அன்றே தேதியும் எதிரணியின் பெயரும் போட்ட ஃபோல்டரில் ஏற்றி, ஒரு வீடியோவையாவது திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு போனிலிருந்து அழியுங்கள்.